ஷமீராவிடம் காட்ட ஒன்றும் இல்லை

ஷமீரா அக்காவின் வேலையை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. பதினான்கு வருடமாக அவர் கல்யாண வீடியோ எடுக்கிறார், முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில், பெண்கள் பக்கம் மட்டும். அந்த அறைக்குள் ஆண் கேமராக்காரர் நுழைய முடியாது. உள்ளே மணப்பெண்ணின் சிநேகிதிகள் ஆடுவார்கள், சின்னம்மாக்கள் ஒருவரையொருவர் கேலி செய்வார்கள், கேலி செய்துகொண்டே அழுவார்கள். திருவிடைமருதூரைச் சுற்றி இருபது ஊருக்கு இதை எல்லாம் எடுக்க இருப்பவர் அக்கா ஒருவர்தான்.

எடுத்து முடித்தபின் ஒரு வழக்கம் உண்டு. பத்து நாளில் படத்தை வெட்டி ஒட்டி பென்டிரைவில் போட்டுக்கொண்டு அக்கா அந்த வீட்டுக்குப் போவார். லேப்டாப்பையும் கேமரா கார்டையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். மணப்பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, தன்னிடம் இருப்பதை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். கடைசி ஃபைலும் போனபின்தான் டீ வரும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் இதனால்தான் அவரை நம்பி உள்ளே விடுகிறார்கள். பென்டிரைவ் நகையோடு பீரோவுக்குள் போய்விடும்.

பதினான்கு வருட வேலையும் இப்படி இருபது ஊர் பீரோக்களில் பூட்டியிருக்கிறது. எத்தனை ஃபிரேம்களை நினைத்து நினைத்து வைத்திருப்பார், எத்தனை வெளிச்சத்துக்காகக் காத்திருப்பார். எதுவும் அவர் கையில் இல்லை.

இது ஒரு குறை என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லையாம். மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வானதி என்பவர் போன் செய்த அன்றுதான் தோன்றியது. வானதி ஆவணப்படம் எடுக்கும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறார். பெண்கள் மட்டுமே இருக்கும் இடங்களைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போகிறார்கள், கேமராவுக்கு ஒரு பெண் வேண்டும்.

"உங்களப் பத்தி நெறய கேள்விப்பட்டேன் ஷமீரா. இதுவரைக்கும் பண்ணதுல ஒரு அஞ்சு நிமிஷம் அனுப்புங்க, போதும்."

"அனுப்புறேன் மேடம்" என்று சொல்லி போனை வைத்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அனுப்ப என்ன இருக்கிறது?

ஒரு வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லா வீட்டிலும் நல்ல சாப்பாடு கிடைத்தது. ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாராம், "எம்மவ அழுததை நீ எடுத்திருக்கியே, அதை எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கே நான் காட்டல. வேற என்ன வேணும்னாலும் கேளும்மா." அந்த அம்மா சொன்னதும் நியாயம்தானே என்றுதான் அக்கா இன்றும் சொல்கிறார்.

வானதியிடம் உண்மையைச் சொன்னார். வானதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "படம் தை கடைசிலதான் ஆரம்பிக்கிறோம். அதுக்குள்ள நீங்களா ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டுங்களேன்" என்றார்.

இப்படித்தான் அக்கா முதல்முறையாகத் தனக்காக கேமராவை எடுத்தார்.

கதைக்கு அவர் தூரமாகப் போகவில்லை. அவர் கணவர் ஃபஹத் ஷார்ஜாவில் இருக்கிறார். வீடு ஊரின் கடைசித் தெருவில். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. கொல்லைக்கதவைத் திறந்து, வீரையன் குத்தகைக்கு எடுத்திருக்கும் வயல் வரப்பில் நடந்து, வாய்க்கால் மதகுக்குப் போனால் போனில் இரண்டு கட்டம் ஏறும். மாமியார் ரஹ்மத் பீவி மகனோடு பேச வாரம் ஒரு முறையாவது அந்த மதகுக்குப் போய்விடுவார். அதையே படமாக்கலாம் என்று அக்கா முடிவு செய்தார். ஒரே நாளில் நடக்கும் கதை. காலையில் ஒரு அம்மா மகனிடம் பேசக் கிளம்புகிறார், லைன் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்பப் போகிறார், சாயந்தரம் கிடைக்கிறது. ஒன்பது நிமிடம்.

நடிக்க மாமியாரைக் கேட்டார்.

"என் மூஞ்சியக் கண்டவன்லாம் பாக்கவா?" என்றார் ரஹ்மத் பீவி.

"மூஞ்சி வேணாம் மாமி. பின்னாடியிலேருந்து எடுக்கிறேன்."

"முதுகு மட்டுந்தானே?"

"முதுகு மட்டுந்தான்."

"எம் முதுகுல என்ன இருக்குன்னு இவ எடுக்கிறா" என்று முனகிக்கொண்டே வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணம் இல்லாத நாட்களில்தான் எடுக்க முடிந்தது. ஐப்பசியில் இரண்டு நாள், கார்த்திகையில் மூன்று, மார்கழியில் நான்கு, தை பிறந்ததும் இரண்டு. ஒரே நாள் கதை அல்லவா, அதனால் அக்கா எல்லாவற்றையும் குறித்து வைத்தார். துப்பட்டி எந்தத் தோளில் மடிந்திருந்தது, எந்தச் செருப்பு, வலது கையில் எத்தனை வளையல், நிழல் எந்தப் பக்கம் விழுந்தது. எல்லாவற்றுக்கும் போனில் போட்டோ வைத்திருந்தார். அந்தப் போட்டோக்களை எனக்கும் காட்டினார். இவ்வளவு கவனமாக வேலை செய்யும் ஆளை நான் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்த மறுவாரம் படம் தயார். வானதிக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் காட்டிவிடலாம் என்று, மக்ரிப் தொழுகை முடிந்ததும் கொல்லைச் சுவரில் ஒரு போர்வையைக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரை வைத்தார். நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். வயலைக் கொடுத்த மரியாதைக்காக வீரையனும் அவர் மனைவி சாவித்திரியும் முன்னால் நாற்காலியில்.

இரண்டாவது நிமிடத்தில் வீரையன் லேசாக முன்னால் சாய்ந்தார்.

"சாவித்திரி, இது நம்ம வயலுதானே?"

"நம்ம வயலுதான். பேசாம பாருங்க."

"எந்த மாசம் இது?"

"ஐப்பசி. நட்டு பத்து நாளுதான் இருக்கும், பயிரு இன்னும் நிமிரல."

அடுத்த காட்சியில் அம்மா வரப்புத் திருப்பத்தில் திரும்பினார். வீரையன் மறுபடி கேட்டார்.

"இப்ப?"

சாவித்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது மார்கழி. கதிரு சாஞ்சு கெடக்கு."

"பாயம்மா வூட்டை வுட்டுக் கெளம்பி கால் மணி நேரம் ஆவல. அதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிப்போச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா மதகுக்கு வந்து சேர்ந்தபோது சுற்றிலும் இளம்பயிர். வீட்டுக்குத் திரும்பும்போது மெஷின் அறுத்துப்போட்ட நெல்தாள். வீரையனால் அடக்க முடியவில்லை.

"மவனுக்கு ஒரு போன் பண்ணப் போன பாயம்மா, ரெண்டு போகம் வெளைய வெச்சுட்டுல்ல வர்றாங்க."

கொல்லை முழுக்கச் சிரிப்பு. ரஹ்மத் பீவிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வயரைச் சுருட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

"வளையலை எண்ணினேன் தம்பி. நெல்லைப் பாக்கல" என்று என்னிடம் சொன்னார். "பொறந்த வூட்டுலயும் இங்கயும் கொல்லைக்கதவைத் தொறந்தா வயலுதான். எங்களுது யாவார வீடு, வயல்ல எறங்கினதே இல்ல. பச்சைன்னா பச்சைதானேன்னு இருந்துட்டேன்."

அந்த வார வெள்ளிக்கிழமை ஃபஹத் பேசினார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"அதுக்கா ஒக்காந்து அழுவுற? மெட்ராஸ்காரவங்களுக்கு நட்ட பயிரும் தெரியாது, அறுக்குற பயிரும் தெரியாது. அவங்களுக்கு எல்லாம் பச்சைதான். சும்மா அனுப்பு புள்ள."

"வீரையண்ணன் சிரிச்ச படத்தை எம்பேரு போட்டு அனுப்ப மாட்டேன் மச்சான்."

"அவருக்காகவா எடுத்தே?"

"தெரிஞ்சவங்க பாத்தா நிக்கணும்ல. தெரியாதவங்களை ஏமாத்தி ஒரு வேலை வாங்கி, அங்க போயி நான் என்னத்தை எடுப்பேன்?"

வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அனுப்பியிருந்தால் வானதிக்குத் தெரியவே தெரிந்திருக்காது. வானதியே பிறகு அப்படித்தான் சொன்னார். அக்கா அனுப்பவில்லை.

அனுப்பாதது மட்டுமல்ல. மறுநாள் லேப்டாப்பைத் திறந்து, கல்யாண வீட்டில் செய்வது போலவே ஒவ்வொரு ஃபைலாக அழிக்க ஆரம்பித்தார். கை பழகிய வேலை. நான்கு போய்விட்டது. காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த ரஹ்மத் பீவி பார்த்துவிட்டார்.

"யாரு வூட்டு நிக்காஹ் அது?"

"கல்யாணம் இல்ல மாமி. நம்ம படம்தான்."

"யாரு வந்து அழிக்கச் சொன்னா?"

அக்கா ஐந்தாவது ஃபைலைத் தேர்ந்தெடுத்தார்.

"மூணு மாசம் வரப்புல வழுக்கி வுழுந்து எந்திரிச்சவ நான். முட்டில இன்னும் தைலம் தேய்க்கிறேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"அதை வெச்சு என்ன மாமி பண்றது?"

"என்னமோ பண்ணு. அடுத்த வூட்டுப் பொண்ணுன்னா அவ உம்மா சொல்லித்தானே அழிக்கிற? இது என் முதுகு. நான் சொல்லல." துணிமூட்டையை லேப்டாப்பின் மேலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கா அந்தத் துணியையெல்லாம் மடித்து முடிக்கும் வரை யோசித்துக்கொண்டிருந்தாராம். அழியாமல் மிச்சமிருந்ததை மறுபடி பார்த்தார். இந்த முறை வளையலைப் பார்க்கவில்லை. மாமியார் நடக்கிறார், பயிர் வளர்கிறது, மாமியார் நடக்கிறார். ஒரே நாளில் இத்தனை நடை என்று தான் எழுதிய கதைதான் பொய். ஒரு போகம் முழுக்க ஒரு அம்மா மகனிடம் பேச நடக்கிறார் என்பது வீட்டில் நிஜமாகவே நடப்பது.

அதே படத்தை வெட்டி ஒட்டிச் சரிசெய்திருக்கலாம். ஆனால் நடுவில் பயிரின் பல கட்டங்களை எடுக்கவே இல்லை, இருந்ததிலும் நான்கு அழிந்துவிட்டது. முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு அடுத்த சம்பா வர வேண்டும். வானதிக்குப் போன் செய்து, "மேடம், எங்கிட்ட இப்ப காட்ட ஒன்னும் இல்ல. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். தானே கதவைச் சாத்திவிட்டதாகத்தான் நினைத்தார். சித்திரையில் வானதியே அழைத்தார். படத்துக்கு வரவேண்டிய நிதி வரவில்லை, அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகிறது. "இன்னும் ஆளு முடிவாகல ஷமீரா. முடிஞ்சா பாருங்க."

ஆடி முடிந்ததும் அக்கா வீரையன் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, எந்தத் தேதில பயிரு எப்படி இருக்கும்னு எழுதிக் குடுங்க. அன்னிக்கு நான் கல்யாணத்துக்கு ஒத்துக்காம இருக்கேன்."

"நெல்லு என்ன பத்திரிகை அடிச்சா பூக்குது? ஆத்துல தண்ணி வரணும், மழை அளவாப் பேயணும். உத்தேசமாச் சொல்றேன், எழுதிக்க. அப்புறம் எம்மேல கேஸ் போடாத."

உத்தேசமாகப் பத்து நாள். நாற்றங்காலில் ஒரு நடை, நட்ட மறுநாள் ஒரு நடை, பயிர் தூர் கட்டிக் கிளைக்கும்போது இரண்டு என்று கணக்கு வைத்து எடுத்தார்கள். ரஹ்மத் பீவி இப்போது தேறிவிட்டார். "வெளிச்சம் வரட்டும், நில்லு" என்று மருமகளுக்கே சொல்கிற அளவுக்கு. ஒவ்வொரு நடையிலும் மதகில் நின்று நிஜமாகவே மகனோடு பேசினார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாப்ட்டியா ராசா?"

ஆறு நடை முடிந்திருந்தபோது கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள். வயலும் வரப்பும் தெரியவில்லை, கொல்லைக்கதவிலிருந்து மதகு வரை ஒரே தண்ணீர். பயிரின் நுனி மட்டும் ஆங்காங்கே. வீரையன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வடிகால் அடைப்பைக் கையால் பறித்தெறிந்துகொண்டிருந்தார். அக்கா கேமராவோடு கொல்லைக்கதவு வரை வந்தவர் அதை உள்ளே வைத்துவிட்டு, குடையும் டீயுமாகப் போனார். அன்றைய வெள்ளம் படத்தில் இல்லை.

"வேர் அழுகிட்டா முடிஞ்சுது" என்றார் வீரையன். அவருக்கு முடிந்தால் அக்காவுக்கும் முடிந்தது. இரண்டு பேரும் தினமும் காலையில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாம் நாள் வடிந்தது. பயிர் மஞ்சளாக, சேறு பூசிக்கொண்டு நின்றது. உரம் போட்டு, மருந்து அடித்து, மார்கழி பிறப்பதற்குள் ஒருவழியாகப் பச்சை திரும்பியது. அக்கா அந்த மஞ்சளையும் எடுத்தார், வீரையனிடம் கேட்டுவிட்டு.

ஆனால் வெள்ளம் வந்ததில் எல்லாம் பன்னிரண்டு நாள் தள்ளிவிட்டது. முக்கியமாகப் பூ. நெல் பூப்பதை அக்கா பார்த்ததே இல்லை. கதிர் வெளியே வந்ததும் சில நாள்தான், அதுவும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வெயில் ஏறினால் உமி மூடிக்கொள்ளும். அந்த நடை இல்லாமல் படம் முழுசாகாது என்று அதற்காகவே காத்திருந்தார். உத்தேசத் தேதியில் அவர் ஒத்துக்கொள்ளாமல் விட்டிருந்த நாட்களெல்லாம் வீணாகப் போயின. வீரையன் வந்து, "நாளைக்கும் நாளன்னைக்குந்தான் நல்லாப் பூக்கும். அதோட சரி" என்று சொன்ன அந்த இரண்டு நாளும் திருப்பனந்தாளில் சாஜிதா என்ற பெண்ணின் கல்யாணம்.

அக்கா சாஜிதாவின் அம்மாவுக்குப் போன் போட்டார். கேட்கவே கூச்சம். ஒரு நாள் காலையில் மட்டும் தாமதமாக வரலாமா?

"காலைலதானே மருதாணிக் கைய எடுக்கணும்னு அவ ஆசையா இருக்கா. நீ வரலன்னா பொம்பளைங்க பக்கம் கேமராவே கெடையாதும்மா. ஆனா உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று அவர் சொன்ன பிறகு அக்காவால் போகாமல் இருக்க முடியவில்லை. காலை ஆறு மணி வேனில் ஏறினார். இரண்டாம் வருடமும் படம் அரைகுறை என்று முடிவு செய்துகொண்டு, மண்டபத்தில் மருதாணிக் கையை எடுத்தாராம். அந்தக் கையையும் நாம் பார்க்க முடியாது. ஆனால் அன்று எடுத்தது தன் வேலையிலேயே நன்றாக வந்த ஒன்று என்று அக்கா சொல்கிறார், நான் நம்புகிறேன்.

வீட்டில் ரஹ்மத் பீவி யாரிடமும் சொல்லவில்லை. மகன் அனுப்பிய போனை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வரப்பில் இறங்கிவிட்டார். அவருக்கு போனைத் தூக்கிப் பிடிப்பது என்றால் மகனுக்கு எதையாவது காட்டுவது. வேறு விதம் தெரியாது. அதனால் வீடியோவை ஓடவிட்டு, மகனிடம் பேசுவது போலவே பேசிக்கொண்டு எடுத்தார். அது அப்படியே படத்தில் இருக்கிறது. போன் நெட்டுக்குத்தாக இருக்கிறது, படம் ஆடுகிறது, ஒரு ஓரத்தில் முழுக்க அவர் விரல்.

"தெரியுதா ராசா? இந்தா, வெள்ளையாத் தொங்குது பாரு, தூசியாட்டம். இதான் பூவாம். இதுக்குத்தான் ஒம் பொண்டாட்டி ரெண்டு வருசமா என்னைய நடக்க வுட்டா. மணமும் இல்ல ஒன்னும் இல்ல. இரு, கிட்டக் காட்டுறேன். காத்து அடிக்குது, கை ஆடுது. பாத்தியா. நீயும் இங்க இருந்தப்ப இதைப் பாத்திருக்க மாட்டே, நானும் பாத்ததில்ல. கதவைத் தொறந்தா இருக்கு."

ஒரு நிமிடம் நாற்பது நொடி. கடந்த பங்குனியில் தஞ்சாவூரில் ஒரு சின்ன அறையில் முப்பது பேரோடு இதைப் பார்த்தேன். அதுவரை முதுகு மட்டுமே தெரிந்த அந்த அம்மா எதைப் பார்க்கிறார் என்பது முதல்முறையாகத் தெரிகிறது. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கல்யாண வீட்டிலிருந்து சாயந்தரம் திரும்பிய அக்காவிடம் ரஹ்மத் பீவி போனை நீட்டி, "பாரு, ஆவுமா ஆவாதா" என்றார். அக்கா மூன்று முறை பார்த்துவிட்டு மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் ரஹ்மத் பீவி.

தை பன்னிரண்டாம் தேதி படத்தை வானதிக்கு அனுப்பினார். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் காலை போன் அடித்து அடித்து நின்றது. அக்கா கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு மதகுக்கு ஓடினார். வீரையனின் வயலில் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச முடிந்தது.

"ஷமீரா, அந்தப் பூ வர்ற ஷாட். அதை ஏன் அப்படி எடுத்தீங்க?"

"அது நான் எடுக்கல மேடம். அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. எங்க மாமி எடுத்தது." சொல்லும்போதே வேலை போய்விட்டது என்று தோன்றியதாம்.

"அந்த விரலை க்ராப் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணிப் பாத்தேன் மேடம். விரல் போனா அவங்களும் போயிடுறாங்க."

அதற்கு வானதி, "மாசி அஞ்சாம் தேதி வந்துடுங்க. பன்னெண்டு நாள். நீங்களும் இன்னொரு பொண்ணும் கேமரா. நீங்கதான் வீட்டுக்குள்ள போறவங்க" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வீரையன் வரப்பில் நிற்கிறார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"வரச் சொல்லிட்டாங்கண்ணே."

"படத்தைப் பாத்தாங்களா, முழுசா?"

"பாத்தாங்க."

"பயிரைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"ஒன்னும் சொல்லலண்ணே."

"அவங்களுக்கு என்ன தெரியும்" என்றார் வீரையன். "நான் பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு."

அக்கா எனக்கு இதைச் சொன்னபோது, வானதி சொன்னதை ஒரு தடவையும் இதை இரண்டு தடவையும் சொன்னார். அன்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் கொல்லைக்கதவில் ரஹ்மத் பீவி வந்து நின்று, அங்கிருந்தே குரல் கொடுத்தாராம்.

"என்னடி, எம் முதுகைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா அந்தப் பொண்ணு?"